நீலகிரியில் ஒரு பம்பாய் இன்ஸ்பெக்டர்

(பத்தாம் வகுப்பு மாணவி)

துப்பறியும் கதை என்ற சொல்லைக் கேட்டதும் உங்களில் பாதிப் பேரின் முகம் மலரும். மீதிப் பேர், "அதெல்லாம் பாடத்திற்கு உதவாது" என்று உதட்டைப் பிதுக்குவீர்கள். இரு சாராருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். சென்ற கோடை விடுமுறையில் என் அத்தை பழைய புத்தகக் கடையிலிருந்து ஓர் ஆங்கில நாவலை வாங்கி வந்து கொடுத்தார்கள். எழுதியவர் ஓர் ஆங்கிலேயர். கதாநாயகர் பம்பாய்ப் போலீஸ் இன்ஸ்பெக்டர். கதை நடக்கும் இடமோ நம் தமிழ்நாட்டு உதகமண்டலம்! இந்த மூன்றும் எப்படி ஒன்று சேர்ந்தன என்று விளக்குவதே என் நோக்கம். கொலையாளி யார் என்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் சொல்ல மாட்டேன். அதைச் சொல்லிவிடுபவர்களை நானே மன்னிப்பதில்லை.

முதலில் ஒரு சிறு முன்கதை. இங்கிலாந்தில் துப்பறிவோர் இரண்டு வகை. சம்பளம் இல்லாமல், ஆர்வத்தினால் துப்பறிபவர்கள் ஒரு வகை. ஷெர்லாக் ஹோம்ஸ், அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் ஆகியோர் இதில் சேர்வர். மற்ற வகையினர் அரசாங்கச் சம்பளம் வாங்கும் போலீசார். லண்டன் மாநகரப் போலீஸ் 1829-இல் ஏற்பட்டது. அதில் துப்பறியும் பிரிவு ஒன்று 1842-இல் தொடங்கப்பட்டது. 1868-இல் வில்கி காலின்ஸ் எழுதிய 'மூன்ஸ்டோன்' என்ற நாவலில் சார்ஜண்ட் கஃப் என்ற போலீஸ்காரர் வருகிறார். ரோஜாச் செடி வளர்ப்பதில் பித்துக் கொண்ட மனிதர் அவர். அந்தக் கதையில் காணாமற் போகும் வைரம், 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்தபோது நம் தேசத்திலிருந்து கொள்ளை போனது என்று கதை சொல்கிறது. ஆக, ஆங்கிலத் துப்பறியும் நாவலின் தொடக்கத்திலேயே இந்தியா இருக்கிறது. அதுவும் திருடப்பட்ட பொருளின் சொந்தக்காரியாக!

பின்னாளில் போலீஸ் கதாநாயகர்கள் பெருகினார்கள். ரூத் ரெண்டல் என்ற பெண்மணி 1964-இல் வெக்ஸ்ஃபோர்டு என்ற இன்ஸ்பெக்டரைப் படைத்தார். பி. டி. ஜேம்ஸ் என்ற மற்றொரு பெண்மணி 1962-இல் டால்கிலீஷ் என்ற அதிகாரியைப் படைத்தார். இவர் கவிதையும் எழுதுவாராம். ஜேம்ஸ் அம்மையார் இங்கிலாந்தின் உள்துறை அலுவலகத்தில் பணியாற்றியவர் என்பதால் போலீஸ் நடைமுறைகள் அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தன. காலின் டெக்ஸ்டரின் இன்ஸ்பெக்டர் மோர்ஸ் 1975 முதல் 1999 வரை பதின்மூன்று நாவல்களில் வருகிறார். இத்தொடர்களின் சுவையே ஒரே மனிதரை ஆண்டாண்டாகப் பின்தொடர்வதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு புத்தகத்திலும் குற்றம் மாறும். ஆனால் அவருடைய மூட்டு வலி, அவருடைய மேலதிகாரி, அவர் வீட்டுச் சச்சரவு எல்லாம் தொடரும். பக்கத்து வீட்டுக்காரரைப் போல அவர் நமக்குப் பழக்கமாகி விடுகிறார்.

இப்போது நம் ஆளுக்கு வருவோம். எச். ஆர். எஃப். கீட்டிங் (1926–2011) என்பவர் இங்கிலாந்தில் பத்திரிகையாளராக இருந்தவர். அவருடைய முதல் சில நாவல்கள் மிகவும் ஆங்கிலத்தனமாக இருக்கின்றன என்று அமெரிக்கப் பதிப்பாளர்கள் வாங்க மறுத்துவிட்டனர். வேறு தேசத்தில் கதையை வைத்தால் என்ன என்று யோசித்தார். இந்தியாவைத் தேர்ந்தெடுத்தார். இந்தியாவை அவர் கண்ணால் கண்டதில்லை! இருந்தும் 1964-இல் 'தி பெர்ஃபெக்ட் மர்டர்' வெளிவந்தது. அதில் பிறந்தவர்தான் பம்பாய் சி.ஐ.டி. இன்ஸ்பெக்டர் கணேஷ் கோட்டே. அந்த நூலுக்கு இங்கிலாந்தின் குற்றக்கதை எழுத்தாளர் சங்கம் தங்கக் குறுவாள் விருது வழங்கியது. அதன்பின் 2009 வரை, நாற்பத்தைந்து ஆண்டுகள், இருபதுக்கும் மேற்பட்ட புத்தகங்களில் கோட்டே வாழ்ந்தார். நடுவில் 2000-இல் வெளியான புத்தகத்தோடு அவருக்கு ஓய்வு கொடுத்துவிட நினைத்த ஆசிரியர், 2008-இல் மீண்டும் அவரை அழைத்து வந்து, அவருடைய முதல் வழக்கு என்ன என்று சொன்னார்.

கோட்டே எப்படிப்பட்டவர்? நம் சினிமாக்களில் வரும் போலீஸ் அதிகாரியை நினைத்துக் கொண்டு அவரைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். மார்பை நிமிர்த்தி வசனம் பேசத் தெரியாது. மேலதிகாரி திட்டினால் உள்ளுக்குள் நடுங்குவார். பணக்காரர் வீட்டு வாசலில் நிற்கும்போது தன் சட்டை கசங்கியிருக்கிறதோ என்று கவலைப்படுவார். மனைவி புரோதிமாவிடம் வாதிட்டு ஜெயித்ததாக நினைவில்லை. வேத் என்று ஒரு மகன். ஆனால் கோட்டேயிடம் ஒரு குணம் உண்டு. பிடித்த பிடியை விடமாட்டார். முதல் நாவலில் அவருக்கு ஒரே சமயத்தில் இரண்டு வேலைகள் வருகின்றன. ஒரு கோடீஸ்வரரின் காரியதரிசியாகிய பார்சி முதியவர் ஒருவர் தாக்கப்படுகிறார். அவர் பெயர் பெர்ஃபெக்ட் என்பதால் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் தலைப்பிட்டு மகிழ்கின்றன. இதற்கிடையே மந்திரி ஒருவரின் மேசையிலிருந்து ஒரு ரூபாய் நோட்டு களவு போகிறது. ஒரே ஒரு ரூபாய்! அதையும் கோட்டேதான் விசாரிக்க வேண்டும். போதாக்குறைக்கு, இந்தியப் போலீஸ் முறையைப் படிக்க வந்த ஸ்வீடன் தேசத்து நெட்டையர் ஒருவர் நிழல் போலப் பின்னாலேயே வந்து கேள்வி கேட்டுக் கொண்டிருக்கிறார். இது 1988-இல் திரைப்படமாகவும் வந்தது. நசீருத்தீன் ஷா கோட்டேயாக நடித்தார்.

அந்த ஒரு ரூபாய் வழக்கு எனக்கு மிகவும் பிடித்தது. கோட்டே அதைக் கேலியாக எடுத்துக் கொள்வதில்லை. சிறிய களவையும் பெரிய குற்றத்தையும் ஒரே மனத்தோடு விசாரிக்கப் பார்க்கிறார். நம் ஊர்களில் சைக்கிள் களவு போனவர் எத்தனை பேர் போலீஸ் நிலையத்திற்குப் போகிறார்கள்? "போனால் நாள் கெட்டுப் போகும்" என்பார்கள். தமிழ்நாட்டில் புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். என்று ஒரு ரசீது தருவார்கள். கைது செய்வதற்கு உரிய குற்றமாக இருந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வேண்டும். அதன் நகலைப் புகார் கொடுத்தவருக்குக் கட்டணமில்லாமல் தர வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். இதெல்லாம் தெரிந்தவர்கள் நம்மில் சிலரே. தோழியரே, வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

இந்தியாவைக் காணாமல் எழுதியவரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? பத்து ஆண்டுகள் அப்படியே எழுதினார். செய்தித்தாள்களைப் படித்தும், படங்களைப் பார்த்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும் பம்பாயைக் கட்டினார். 1974-இல்தான் முதன்முறையாக இங்கு வந்தார். இது சரியா? எனக்கு இரண்டு எண்ணம் உண்டு. அவருடைய இந்தியர்கள் பேசும் ஆங்கிலம் சில இடங்களில் கேலி செய்வது போலவே தோன்றுகிறது. "செய்து கொண்டிருக்கிறேன், போய்க் கொண்டிருக்கிறேன்" என்று எல்லோரும் ஒரே அச்சில் பேசுகிறார்கள். பம்பாய்க்காரரும் தமிழரும் பஞ்சாபியரும் ஆங்கிலத்தில் ஒரே மாதிரியா தவறு செய்வார்கள்? நம் வகுப்பிலேயே முப்பது விதமாகத் தவறு செய்கிறோமே! ஆனால் பெரியவர்கள் முன்னே சிறியவன் கூனிக் குறுகுவதை அவர் எழுதும்போது பொய்யே இல்லை. அதற்கு இந்தியாவைப் பார்த்திருக்க வேண்டிய அவசியம் இல்லை போலும்.

இனி நான் படித்த நாவல். அதன் பெயர் 'தி பாடி இன் தி பில்லியர்ட் ரூம்'. 1987-இல் வெளிவந்தது. இடம் ஊட்டி கிளப். அந்தக் கட்டடம் 1830-களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. ஸ்நூக்கர் என்ற பந்தாட்டத்தின் விதிகள் 1882-இல் அங்கேதான் எழுதி ஒட்டப்பட்டன. ஆட்டத்தை உருவாக்கியவர் நெவில் சேம்பர்லின் என்ற இராணுவ அதிகாரி. (பின்னாளில் இங்கிலாந்தின் பிரதமரான சேம்பர்லின் வேறு, வரலாற்றுத் தேர்வில் இருவரையும் குழப்பிவிடாதீர்கள்.) புகழ் பெற்ற அந்த பில்லியர்ட்ஸ் மேசையின் மீது ஒரு காலை பிணம் கிடக்கிறது. இறந்தவன் கிளப்பின் மார்க்கர். ஆட்டக்காரர்கள் எடுக்கும் புள்ளிகளைக் குறித்து, கோலும் பந்தும் எடுத்துக் கொடுக்கும் வேலைக்காரனுக்கு மார்க்கர் என்று பெயர்.

அங்கே ஓய்வு பெற்ற தூதர் ஒருவர் இருக்கிறார். அகதா கிறிஸ்டியின் நாவல்களில் ஊறிப் போனவர். பிணத்தைப் பார்த்ததும் அவருக்குத் துக்கம் வரவில்லை, உற்சாகம் வருகிறது! தலைப்பைக் கவனியுங்கள். கிறிஸ்டி 1942-இல் எழுதிய நாவலில் பிணம் நூலக அறையில் கிடக்கும்; இங்கே பில்லியர்ட்ஸ் அறையில். "இது புத்தகத்தில் வருவது போன்ற கொலை, இதற்குப் புத்தகத்தில் வருவது போன்ற மகா துப்பறிவாளர் வேண்டும்" என்பது அவர் கட்சி. தம் செல்வாக்கைப் பயன்படுத்தி கோட்டேயைப் பம்பாயிலிருந்து வரவழைக்கிறார். பாவம் கோட்டே! தாம் மகா துப்பறிவாளர் அல்ல, மாதச் சம்பளம் வாங்கும் போலீஸ்காரர் என்று எவ்வளவோ சொல்லிப் பார்க்கிறார். குளிரில் நடுங்கிக் கொண்டு, யார் முன்னால் எந்தக் கதவு வழியாக நுழைவது என்று தெரியாமல் விழிக்கிறார். தூதரோ, இன்னும் ஏன் ஒரு மேதைத்தனமான வாக்கியம் கூடச் சொல்லவில்லை என்று காத்திருக்கிறார்.

சிரித்துக் கொண்டேதான் படித்தேன். பாதிப் புத்தகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் செத்தவனைப் பற்றி அங்கே யாரும் வருந்தவில்லை. அவன் ஒரு புதிரின் முதல் வரியாக மட்டுமே அவர்களுக்குப் பயன்படுகிறான். அதே மார்க்கரிடம் எத்தனை மாலைகள் கோலை வாங்கியிருப்பார்கள்! கோட்டே ஒருவருக்குத்தான் அது உறுத்துகிறது. கீட்டிங் இதை வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்றே நான் நம்புகிறேன். கிறிஸ்டி போன்றவர்கள் ஆடிய ஆட்டத்தை ஒரு சாதாரணப் போலீஸ்காரரின் கண்ணால் பார்க்கச் செய்கிறார்.

துப்பறியும் கதைகளுக்கு விதிகள் வகுத்தவர்கள் உண்டு. ரோனால்டு நாக்ஸ் என்ற ஆங்கிலேயக் கத்தோலிக்க குருவானவர் 1929-இல் பத்துக் கட்டளைகள் எழுதினார். விவிலியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவரே. கதையின் தொடக்கத்திலேயே குற்றவாளியை அறிமுகப்படுத்த வேண்டும், பேய் பிசாசு கூடாது, வாசகருக்குத் தெரியாத தடயத்தைத் துப்பறிவாளர் ஒளித்து வைக்கக் கூடாது என்பன போன்ற நியாயமான விதிகள். அவருக்கு முந்தைய ஆண்டு அமெரிக்கரான வான் டைன் இருபது விதிகள் எழுதினார். அவற்றுள் ஒன்று, வேலைக்காரனைக் குற்றவாளியாக்கக் கூடாது என்பது. ஆகா, எவ்வளவு நல்ல மனம் என்று நினைத்தேன். காரணத்தைப் படித்த பிறகு என் மகிழ்ச்சி போய்விட்டது. வேலைக்காரன் மீது பழி போடுவது மிகச் சுலபமான விடையாம். குற்றவாளி கொஞ்சம் மதிப்புள்ள ஆளாக இருக்க வேண்டுமாம்! குற்றம் செய்யக்கூட வேலைக்காரனுக்குத் தகுதி போதவில்லை என்பதல்லவா இதன் பொருள்?

எனக்கு இது சுடுவதற்குக் காரணம் உண்டு. என் அம்மாவின் தந்தை கொடைக்கானலில் ஒரு பங்களாவில் பட்லராக இருந்தவர். சீசன் தொடங்கும் முன் சித்திரை மாதத்தில் வத்தலக்குண்டு வழியாக பஸ் ஏறுவார். மழை பிடித்த பிறகுதான் ஊருக்குத் திரும்புவார். ஒரு வருடம் அங்கே வெள்ளிக் கரண்டிகள் இரண்டு காணாமற் போயின. சமையற்காரர், தோட்டக்காரர், ஆயா, தாத்தா ஆகிய நால்வரையும் காலை முதல் மாலை வரை வராந்தாவில் நிற்க வைத்தார்கள். தகரப் பெட்டிகளைத் திறந்து கொட்டினார்கள். பாட்டி எழுதிப் போட்ட கடிதங்களைக் கூட விரித்துப் பார்த்தார்களாம். பத்து நாள் கழித்து, அவர்களே பேரிஜம் ஏரிக்குச் சாப்பாடு கொண்டு போன கூடையின் அடியில் கரண்டிகள் இருந்தன. யாரும் எதுவும் சொல்லவில்லை. தாத்தாதான் அவற்றைத் துலக்கி மேசையில் வைத்தார். இதை அவர் என்னிடம் சொன்னபோது கோபப்படவில்லை. "கரண்டி கெடச்சுதே, அதுவே போதும்னு இருந்துச்சும்மா" என்றார். அந்தக் கதையை ஊட்டி கிளப் நாவலுக்கு முன்பே கேட்டிருந்ததால்தான் அந்த மார்க்கர் என் கண்ணை விட்டு அகலவில்லை என்று நினைக்கிறேன்.

வெள்ளிக் கரண்டி என்றதும் ஃபாதர் பிரவுன் கதை ஒன்றும் நினைவுக்கு வருகிறது. ஜி. கே. செஸ்டர்டன் எழுதிய இக்கதைகளின் முதல் தொகுதி 1911-இல் வந்தது. குள்ளமான, குடை பிடித்த ஒரு குருவானவர்தான் துப்பறிவாளர். அந்தத் தொகுதியில் ஒரு கதை பணக்காரர்களின் விருந்தில் நடக்கிறது. மீன் உண்ணும் வெள்ளிக் கரண்டிகள் களவு போகின்றன. அந்த இடத்திற்கு ஃபாதர் பிரவுன் ஏன் வந்தார் தெரியுமா? விருந்துக்கு அல்ல. அங்கே சாகக் கிடந்த பரிசாரகர் ஒருவருக்காக! பணக்காரர்கள் அந்தப் பரிசாரகரை மனிதராகப் பார்ப்பதில்லை. அதனால்தான் கண் முன்னே நடந்த திருட்டு அவர்களுக்குப் புலப்படவில்லை. சொல்லிவிட்டேனே, விடையை மட்டும் சொல்ல மாட்டேன் என்று! இந்தக் கதையை எழுதியபோது செஸ்டர்டன் கத்தோலிக்கர் அல்லர். 1922-இல்தான் திருச்சபையில் சேர்ந்தார்.

நாவல்களில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்துத் துப்பறிவாளர் பேசுவார். குற்றவாளி எழுந்து, "ஆமாம், நான்தான்" என்று கத்துவார். நம் தேசத்தில் இது செல்லாது! போலீஸ் அதிகாரியிடம் ஒருவர் சொல்லும் குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்கக் கூடாது என்று 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. 2024-இல் அதன் இடத்திற்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி இருக்கிறது. அடித்து வாங்கிய ஒப்புதல்கள் எத்தனையோ இருந்ததால்தான் இப்படி ஒரு விதி ஏற்பட்டது. வராந்தாவில் நிற்க வைக்கப்பட்டவர்களைக் காக்கும் விதி இது. மேலும், போலீஸ் என்பது அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ள துறை. பம்பாய் இன்ஸ்பெக்டர் தம் விருப்பப்படி நீலகிரிக்கு வந்து விசாரணை நடத்திவிட முடியாது. வழக்கு உள்ளூர் நிலையத்தினுடையது. இதைக் கீட்டிங் அறிந்தே இருக்கிறார். கோட்டேயின் சங்கடத்தில் பாதி, தாம் அங்கே விருந்தாளியா அதிகாரியா என்பது தெரியாமல் வந்ததுதான்.

பூட்டிய அறைக்குள் கொலை என்று ஒரு வகைக் கதை உண்டு. 1841-இல் அமெரிக்கரான எட்கர் ஆலன் போ அதற்குப் பிள்ளையார் சுழி போட்டார். கதவு உள்ளே பூட்டியிருக்கும், ஆள் செத்துக் கிடப்பார், எப்படி நடந்தது என்று எல்லோரும் மூளையைக் கசக்குவார்கள். திண்டுக்கல்லில் பிறந்தவர்களை இப்படி எளிதில் மிரட்ட முடியுமா? நாகல் நகரிலும் நல்லாம்பட்டியிலும் பட்டறை வைத்திருப்பவர்களைக் கேட்டால், "பூட்டுல எத்தனை லிவர்?" என்றுதான் முதல் கேள்வி வரும். பூட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகடுகளே லிவர்கள். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு லிவரைச் சரியான உயரத்திற்குத் தூக்கினால்தான் உள்ளே இருக்கும் தாழ் நகரும். ஒரு லிவர் மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் திறக்காது. மாங்காய்ப் பூட்டு உள்ளிட்ட நம் ஊர்ப் பூட்டுகளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆங்கில நாவலாசிரியர்கள் பூட்டைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள் என்பது என்னுடைய நீண்ட நாள் குறை.

தமிழில் இவ்வகை நாவல்கள் எப்போது வந்தன? நம்மவர் பிந்தியவர்கள் அல்லர். ஹோம்ஸ் முதன்முதலில் தோன்றியது 1887-இல். ஏழே ஆண்டுகளில், 1894-இல், பண்டித நடேச சாஸ்திரி 'தானவன்' என்ற போலீஸ் நிபுணனின் கதையைத் தமிழில் எழுதிவிட்டார். இவர் கல்வெட்டாராய்ச்சித் துறையில் வேலை பார்த்தவர். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தவர். தானவன் என்றால் அசுரன் என்று பொருள். அந்தப் பெயரை ஒரு போலீஸ்காரருக்கு வைப்பானேன் என்று யோசித்தேன். அதே காலத்தில் இங்கிலாந்தில் டிக் டானவன் என்ற பெயரில் துப்பறியும் கதைகள் சக்கைப்போடு போட்டன என்று அறிந்த போது விடை கிடைத்தது போல் இருந்தது. சென்னை மாகாணத்தில் சி.ஐ.டி. பிரிவு ஏற்பட்டதே 1906-இல்தான். துறை வருவதற்கு முன்பே கதை வந்துவிட்டது!

அதே ஆண்டுகளில் நம் மாவட்டத்து வத்தலக்குண்டில் பிறந்த ராஜம் ஐயர் 'கமலாம்பாள் சரித்திர'த்தை 'விவேக சிந்தாமணி' இதழில் எழுதிக் கொண்டிருந்தார். அது துப்பறியும் கதை அன்று. ஆனால் அதிலும் களவு உண்டு, பேயாண்டித் தேவன் என்ற கள்வனும் உண்டு. இருபத்தாறு வயதிலேயே ராஜம் ஐயர் இறந்துபோனார். அவர் இன்னும் நாற்பது ஆண்டு இருந்திருந்தால் நம் ஊர்ப் பக்கத்துக்கென்றே ஒரு கோட்டே பிறந்திருக்கலாம்.

அடுத்து வந்தவர்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஜே. ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனைப் படைத்தார். ஆரணி குப்புசாமி முதலியார் ஹோம்ஸை ஆனந்த சிங் ஆக்கினார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'திகம்பர சாமியார்' 1950-இல் படமாக வந்து, எம். என். நம்பியார் பல வேடங்களில் தோன்றினார். ஆனந்த விகடனில் தேவன் எழுதிய துப்பறியும் சாம்பு எங்கள் வீட்டுப் பெரியவர்களின் செல்லப்பிள்ளை. அசட்டு பேங்க் குமாஸ்தாவான சாம்பு ஏதாவது உளறுவார், தடுக்கி விழுவார்; குற்றவாளி தானாக அகப்படுவான். புகழ் சாம்புவுக்கு, பாடு இன்ஸ்பெக்டர் கோபாலனுக்கு! தமிழ்வாணனின் சங்கர்லால் தவறே செய்யமாட்டார். அதனாலேயே எனக்குச் சற்று அலுப்பு. சுஜாதாவின் கணேஷ், வசந்த் இருவரும் வழக்கறிஞர்கள். ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். அவருடைய விவேக் குற்றப் பிரிவு அதிகாரி.

இந்தப் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். தானவனையும் விவேக்கையும் விட்டால் நம் பிரபல நாயகர்களில் காக்கிச் சட்டைக்காரர் குறைவு. குமாஸ்தா, சாமியார், வக்கீல் என்று யார் வேண்டுமானாலும் துப்பறியலாம். போலீஸ்காரர் கடைசியில் விலங்கோடு வந்தால் போதும். இங்கிலாந்தில் வெக்ஸ்ஃபோர்டு, மோர்ஸ் போன்ற போலீஸ்காரர்களை வாசகர்கள் வீட்டு மனிதர்களாக ஏற்றுக் கொண்டார்கள். இங்கே ஏன் அப்படி நடக்கவில்லை? சென்னை மாகாணப் போலீஸ் 1859-இல் ஏற்பட்டது, வெள்ளையர் ஆட்சியைக் காப்பதற்காக. வந்தே மாதரம் சொன்னவரை அடித்த தடியை மக்கள் அத்தனை விரைவில் மறப்பார்களா? நிலையத்தைக் கண்டால் ஒதுங்கி நடக்கும் பழக்கம் கதையிலும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். என் அத்தை இதை ஒத்துக் கொள்ளவில்லை. போலீஸ்காரரை நாயகனாக்கினால் அவருடைய மேலதிகாரி, இடமாற்றம், சம்பளம் எல்லாவற்றையும் எழுத வேண்டும், அதற்கு நம் எழுத்தாளர்களுக்கு நேரமில்லை என்கிறார்கள். அதுவும் உண்மையாக இருக்கலாம்.

பெண் துப்பறிவாளரைப் பற்றிக் கேட்கிறீர்களா? தமிழ்நாட்டுப் போலீசில் பெண்கள் 1973-இல் சேர்க்கப்பட்டனர். 1976-இல் ஐ.பி.எஸ். அதிகாரியான திலகவதி அவர்கள் தருமபுரிப் பக்கத்தில் பிறந்தவர். அவர் எழுத்தாளரும்கூட, 'கல்மரம்' நாவலுக்கு 2005-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அது கட்டடத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். ஒரு போலீஸ் அதிகாரி நாவல் எழுத உட்கார்ந்தபோது கொலையை எடுக்காமல், சித்தாள்களையும் கொத்தனார்களையும் எடுத்துக் கொண்டது எனக்கு வியப்பளித்தது. ஒருவேளை கொலைகளைப் பார்த்தவர்களுக்கு அது புதிராகத் தோன்றாது போலும்.

கோட்டேயைப் படிக்க விரும்புபவர்களுக்குச் சில சொற்கள். முதல் நாவலில் தொடங்குவதே நல்லது. ஊட்டி நாவலை அதற்குப் பின் எடுங்கள். கிறிஸ்டியின் ஏதாவது ஒரு நாவலையாவது முன்பே படித்திருந்தால் தூதரின் பேச்சில் உள்ள வேடிக்கை இன்னும் நன்றாகப் புரியும். ஆங்கிலம் கடினமானதன்று, ஆனால் கோட்டே மனத்துக்குள் பேசிக் கொள்ளும் இடங்கள் நீளமானவை, பொறுமை வேண்டும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு நாளைக்கு ஓர் அத்தியாயம் வீதம் படித்தால் ஒரு மாதத்திற்குள் முடிந்துவிடும். எனக்கு இருபத்து மூன்று நாட்கள் ஆயின. என் பிரதியின் கடைசிப் பக்கங்கள் இரண்டு தளர்ந்திருக்கின்றன. வாங்கிப் போகிறவர்கள் பசை போட்டுத் தந்தால் மகிழ்வேன்.